முதலில் இணைப்புப் பின், அப்புறம்தான் இரும்பு: தோட்ட டிராக்டருக்கு வீட்டிலேயே ஹிட்ச்

என் தோட்ட டிராக்டரில் இப்போது இருப்பது நான் செய்த மூன்றாவது ஹிட்ச், அதாவது டிரெய்லரை மாட்டி இழுக்கும் இணைப்பு. முதலாவது, ஈர மண் ஏற்றிய டிரெய்லரோடு ஒரு மேட்டில் ஏறும்போது முறிந்தது. டிரெய்லர் பின்னால் உருண்டு வேலியில் இடித்து நின்றது. அந்த நேரம் பின்னால் யாரும் நிற்கவில்லை. இறங்கிப் பார்த்தால் வெல்டிங் தையல் அப்படியே இருந்தது. தையலை ஒட்டிய இரும்புதான் விட்டுப்போயிருந்தது.

நான் எடுத்திருந்தது கமான் பட்டை, லாரியின் ஸ்பிரிங் பட்டை. லாரி பாரத்தையே தாங்கிய இரும்பு, இந்தச் சின்ன வண்டிக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். கமான் பட்டையில் கார்பன் அதிகம். அதை வெல்டிங் செய்தால் தையலுக்குப் பக்கத்தில் உள்ள பகுதி வேகமாக ஆறிக் கடினமாகிவிடும், வளையாது, விரிசல் விட்டு உடையும். அன்றிலிருந்து பழைய இரும்புக் குவியலில் எதை எடுத்தாலும் முதலில் கிரைண்டரில் ஒரு ஓரத்தைத் தொட்டுப் பொறியைப் பார்க்கிறேன். மைல்டு ஸ்டீல், அதாவது கார்பன் குறைந்த சாதாரண இரும்பு என்றால் பொறி நீளமான கோடுகளாக ஓடும், நுனியில் கொஞ்சமாகத்தான் பிரியும். கார்பன் கூடிய இரும்பில் நிறையப் பிரிந்து மத்தாப்பு மாதிரி வெடிக்கும். வார்ப்பிரும்பில் பொறி சிவந்து, குட்டையாக இருக்கும். சரியாகத் தெரிந்த ஒரு மைல்டு ஸ்டீல் துண்டைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறித் தேய்த்துப் பாருங்கள். ஒப்பிட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

இழுவைக்கு நான் தேடுவது 8 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள தகடு, 6 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), சேனல் (ப வடிவ இரும்பு) துண்டுகள். பழைய கலப்பைச் சட்டம், இயந்திரப் பீடம் போன்றவற்றில் நல்ல இரும்பு கிடைக்கும். துரு மேலோட்டமாக இருந்தால் கவலையில்லை, குழி குழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஷாக் அப்சார்பரை வெட்டாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கலாம். துத்தநாகம் பூசிய இரும்பென்றால் வெல்டிங் செய்யும் இடத்தில் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் புகை சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலாக வந்து படுக்க வைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ குளோரின் கலந்த கரைப்பான் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டிலும் ஒளியிலும் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறக்கூடும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்தால் போதும்.

தகட்டை வெட்டுவதற்கு முன்பே பின்னை, அதாவது டிரெய்லரை ஹிட்சோடு பிணைக்கும் உருண்டைக் கம்பியை, முடிவு செய்துவிடுங்கள். துளை, இடைவெளி, ஓரத்தில் விட வேண்டிய இரும்பு எல்லாமே அதன் விட்டத்தைப் பொறுத்துத்தான். நான் 16 மி.மீ. பின் வைத்திருக்கிறேன். டிராக்டருக்குப் பின்னால் கருவிகளை மூன்று இடத்தில் மாட்டும் மூன்று முனை ஹிட்சில் மிகச் சிறிய வகையான வகை 0-க்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான், 5/8 அங்குலம். அடுத்ததான வகை 1-ல் கீழ்ப் பின் 7/8 அங்குலம், மேல்ப் பின் 3/4 அங்குலம். பிற்பாடு கடையில் விற்கும் கருவி எதையாவது மாட்டும் எண்ணம் இருந்தால் இந்த அளவுகளை விட்டு விலகாதீர்கள். கட்டடக் கம்பியைப் பின்னாகப் போடாதீர்கள். அது உருண்டையாக இருக்காது, துளையை அரித்துவிடும். பழைய பிஸ்டன் பின்னும் வேண்டாம். மேல்தோல் கடினம், உள்ளே பொள்ளல், அதிர்ச்சி விழுந்தால் விரிசல் விடலாம். தலையில் 8.8 என்று உறுதித் தரம் பொறித்த போல்ட்டில், மரை இல்லாத வழுவழுப்பான பகுதி நீளமாக உள்ளதாகத் தேர்ந்தெடுத்து நான் பின் செய்துகொண்டேன். நுனியில் ஒரு சின்னத் துளை போட்டு ஆர் கிளிப் (R வடிவக் கம்பிக் கிளிப்) மாட்டினால் கழன்று விழாது.

பின்னுக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் இருக்க வேண்டும். ஒரே தகட்டில் செருகிய பின்னை டிரெய்லரின் ஒற்றை நாக்கு (முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் துளையுள்ள தகடு) இழுத்தால் பின் சாயும், வளையும். மேலும் கீழுமாக இரண்டு தகடுகளுக்கு நடுவே நாக்கு உட்கார்ந்தால் விசை இரண்டு இடமாகப் பிரிந்துவிடும். டிரெய்லர் நாக்கே இப்படி இரண்டு தகடு கொண்ட கவட்டையாக இருந்தால் டிராக்டர் பக்கம் ஒற்றைத் தகடு போதும். எனது ஒற்றை நாக்கு, அதனால் டிராக்டரில் கவட்டை வைத்தேன். நாக்கின் தடிமனைவிட இடைவெளி 4 மி.மீ. கூடுதலாக விட்டிருக்கிறேன். மேடு பள்ளத்தில் டிரெய்லர் ஒரு பக்கம் சாயும்போது அசைய இடம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த முறுக்கு முழுவதும் வெல்டிங்கில் போய் விழும்.

16 மி.மீ. பின்னுக்குத் துளை 17 மி.மீ. துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது 30 மி.மீ. இரும்பு விடுங்கள். முதலில் 5, அப்புறம் 10, கடைசியில் 17 என்று படிப்படியாகப் பெரிதாக்குங்கள். பெரிய பிட்டை மெதுவாகச் சுற்ற விடுங்கள், எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். பிட் மறுபக்கம் வெளியே வரும் நொடியில் தகட்டைப் பிடித்துச் சுழற்றும். கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வெல்டிங் சூட்டால் வெட்டித் துளை போட்டால் ஓரம் கரடுமுரடாகும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

சரி, என் இரண்டாவது ஹிட்ச். அது உடையவில்லை, ஆனால் ஆபத்தானது அதுதான். டிராக்டரின் பின்பக்கத் தகட்டில் ஏற்கனவே இருந்த துளைகளில் மாட்டுவது சுலபமாக இருந்ததால் பின்சக்கர அச்சுக்கு மேலே பொருத்திவிட்டேன். ஒரு மரவேரை இழுக்கும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. கிளட்சை மிதித்ததும் கீழே இறங்கிவிட்டன. இழுக்கும் புள்ளி உயர உயர, வண்டியைப் பின்னால் கவிழ்க்கும் விசையும் கூடும். ஹிட்ச் எப்போதும் பின்சக்கர அச்சின் மையத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஹிட்ச் செய்கிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இந்த உயரத்தைத்தான். மூன்றாவதைச் சேனலில் இரண்டு கால்கள் இறக்கிக் கீழே கொண்டுவந்தேன். கால்கள் பின்னோக்கி மடங்காமல் இருக்க இரண்டிலும் முக்கோணத் தகடு வைத்திருக்கிறேன்.

கால்களைச் சட்டத்தில் பிடித்துக்கொள்ள எம்10 (10 மி.மீ.) போல்ட்டுகள் நான்கு. பின்சக்கர அச்சின் பெட்டி அலுமினிய வார்ப்பாக இருந்தால் அதில் எதையும் புதிதாகப் பொருத்தாதீர்கள், அது இழுவைக்காகச் செய்யப்பட்டதல்ல. மெல்லிய பின்பக்கத் தகடு மட்டும்தான் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு 6 மி.மீ. தகடு வைத்து, போல்ட்டால் இரண்டையும் சேர்த்து இறுக்குங்கள்.

வெல்டிங்கை வண்டியில் வைத்துச் செய்யாமல் ஹிட்சைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் தொட்டி பக்கத்தில் இருக்கிறது, மின்சாரம் பேரிங் வழியாகப் போனாலும் அது கெடும். கவட்டையின் இரண்டு தகடுகளையும் நேராக நிறுத்த பின்னையே அச்சாகப் பயன்படுத்தினேன். தகர டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய பட்டையைப் பின்னில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு துளைகளிலும் செருகிக்கொண்டேன். நான்கு மூலைகளிலும் வெல்டிங்கில் சின்னப் புள்ளி வைத்த பிறகு பின் சுழல்கிறதா என்று பார்த்து, இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் முழுத் தையல் போட வேண்டும். ஆறிய பிறகு தகரத்தை உருவினால் பின் தளர்வாக நிற்கும்.

8 மி.மீ. தகட்டுக்கு 3.15 மி.மீ. தடிமனில் 6013 வகை வெல்டிங் ராடு, சுமார் 110 முதல் 125 ஆம்பியர். சேரும் ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துவிட்டு இரண்டு அடுக்காகப் போட்டேன். ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னும் கசடை முழுக்கத் தட்டி எடுத்துவிடுங்கள். 7018 ராடு இன்னும் உறுதி, ஆனால் ஈரம் பட்ட ராடு என்றால் பயனில்லை. தையலை மூலையில் நிறுத்தாமல் மூலையைச் சுற்றிக் கொஞ்சம் கொண்டுபோய் முடியுங்கள். இரண்டு பக்கமும் அடைபட்ட குழாய் இருந்தால் முதலில் சின்னத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே சூடாகும் காற்று வெடிக்கும்.

பெயின்ட் அடிக்கும் முன் ஒரு சோதனை. தையல் மேல் மண்ணெண்ணெய் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் மேலே வந்து கருங்கோடாகத் தெரியும். அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மேலே தடவிப் பூசி மூடாதீர்கள். சோதனை முடிந்ததும் மண்ணெண்ணெயைச் சுத்தமாகக் கழுவி உலர்த்தாமல் வெல்டிங் பக்கம் போகாதீர்கள்.

முதல் நாள் காலி டிரெய்லர், அப்புறம் பாதிப் பாரம், அப்புறம்தான் முழுப் பாரம். ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தேன், முதல் முறையே இரண்டு தளர்ந்திருந்தன. இப்போது மாதம் ஒருமுறை பின்னை உருவி, துளையில் திருப்பி வைத்துப் பார்க்கிறேன். துளை நீள்வட்டமாகத் தேய ஆரம்பித்தால் உள்ளே ஒரு புஷ் (குட்டைக் குழாய் போன்ற வளையம்) போட்டு வெல்டிங் செய்துவிடலாம். பின்னில் பள்ளம் விழுந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டிக்கொள்கிறேன்.