பிள்ளை சாப்பாட்டைத் தவிர்க்கும்போது: உணவுண்ணல் கோளாற்றைக் கண்டறிவது எப்படி?

வளரும் வயதுப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் வீட்டில் முதலில் பார்ப்பது எடையைத்தான். ஆனால் உண்பதைச் சுற்றி எழும் மனநலச் சிக்கலான உணவுண்ணல் கோளாறு, எடையில் தெரிவதற்கு முன்பே நடத்தையில் தெரியத் தொடங்கிவிடும். அளவின்றி உண்டுவிட்டு அதை வாந்தியாக வெளியேற்றும் புலிமியாவில் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

ஆகவே சாப்பாட்டு வேளையைக் கவனியுங்கள். ஒரே தோசையைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துத் தட்டெங்கும் பரப்பி, அரை மணி நேரம் அளைந்துவிட்டு எழுவது, பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டதாக நாள்தோறும் சொல்வது, முன்பில்லாத விரதங்களைத் திடீரென மேற்கொள்வது, உண்டதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவது ஆகியவை தொடர்ந்தால் அலட்சியம் கூடாது. விரல் முட்டிகளில் தழும்பு, பற்களின் தேய்மானம், கன்னத்தோரம் வீக்கம் ஆகியவை வாந்தி எடுப்பதன் தடயங்களாக இருக்கலாம். மாதவிடாய் நிற்பதும் எந்நேரமும் குளிர்வதும் உடல் பட்டினியில் இருப்பதைக் காட்டலாம். ஆண்பிள்ளைகளுக்கும் உணவுண்ணல் கோளாறு வரும்.

இதைப் பிடிவாதம் என்று எண்ணுவதுதான் பெருந்தவறு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45இல் ஆன்செல் கீஸ் என்னும் ஆய்வாளர் நடத்திய பட்டினி ஆய்வுக்கு, உடலும் மனமும் நலமாயிருந்த 36 இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஆறு மாத அரைப்பட்டினியில் அவர்கள் உணவைப் பற்றியே ஓயாமல் நினைத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், மனிதரிடமிருந்து ஒதுங்கினார்கள். சிலர் சமையல் நூல்களைக்கூடச் சேர்த்தார்கள். நலமானவர்களையே பட்டினி இப்படி மாற்றும் என்றால், நோயுற்ற பிள்ளையின் கோபத்தைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

பேசும்போது உடல்வாகைப் பற்றிப் பேசாதீர்கள். “குண்டாயிட்டே”, “இளைச்சுட்டே” என்னும் உறவினர்களையும் தடுத்துவிடுங்கள். சாப்பாட்டு வேளை அல்லாத நேரத்தில், “நீ சாப்பிடச் சிரமப்படுறது தெரியுதும்மா, டாக்டர்கிட்ட சேர்ந்தே போவோம்” என்று சொன்னால் போதும். மருத்துவர் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், பொட்டாசியம் அளவு, ஈ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்து, மனநல மருத்துவரிடமும் அனுப்பக்கூடும். உண்ண மறுத்து உடலைப் பட்டினி போடும் அனோரெக்சியா வளரிளம் பருவத்தினருக்கு வந்தால், தொடக்கத்தில் உணவுப் பொறுப்பைப் பெற்றோரே ஏற்கும் குடும்பவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம்.

நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டினால், இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். எனவே உணவைக் கூட்டும் அளவை மருத்துவரே தீர்மானிக்கட்டும். மயக்கம், நெஞ்சுவலி, நிமிடத்துக்கு 50-க்கும் குறைந்த நாடித்துடிப்பு, தண்ணீரையும் மறுப்பது, சாவைப் பற்றிய பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.