சென்னையைச் சுற்றி மலிவான ஊரில் வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்குள் வாங்க முடியாதவர்கள் கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில், திருநின்றவூர், திருவள்ளூர், மீஞ்சூர் என்று ரயில் பாதையை ஒட்டித் தேடுவது சரியான வழிதான். சதுர அடி விலையை மட்டும் வைத்து ஊர்களை ஒப்பிடும்போதுதான் தவறு தொடங்குகிறது. பக்கத்து மனையைவிட ஒரு மனை கணிசமாகக் குறைந்த விலைக்கு வந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். தூரம், கடைகண்ணி இல்லாமை போன்றவை பொறுத்துக்கொள்ளக்கூடியவை. நாளடைவில் மாறவும் கூடும். தண்ணீர் தேங்குவதும் அங்கீகாரக் குறையும் பத்திரச் சிக்கலும் வாங்கியவர் தலையிலேயே விடியும். எந்தக் காரணம் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். ‘கூடுவாஞ்சேரி’ என்று விற்கப்படும் மனை ஸ்டேஷனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கலாம். பத்திர நகலில் வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் பாருங்கள். பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைத் தேட வேண்டியதும் அவற்றை வைத்துத்தான். பயண நேரத்தை ஞாயிற்றுக்கிழமை காரில் போய் அளப்பதில் பயனில்லை. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு திரும்பிவிடும். செங்கல்பட்டு வரை போவது குறைவு. மேற்குப் பாதையிலும் ஆவடியைத் தாண்டினால் வண்டிகள் குறையும். வேலை நாள் ஒன்றில், காலையில் மனை வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். இரவு ஒன்பதரைக்கு ஸ்டேஷனில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது அங்கீகாரத்தில். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கும் மனைப்பிரிவை வாங்காதீர்கள். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தருவது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. ‘பதிவாகிவிட்டதே, பிறகென்ன’ என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவைத் தடுக்கிறது. ஆனால் 20.10.2016-க்கு முன்பே வீட்டுமனையாக ஒருமுறை பதிவானவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே பத்திரம் பதிவாகும், அங்கீகாரம் மட்டும் இருக்காது. கட்டட அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் போய் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த வந்த 2017 திட்டத்தின்கீழ் வரன்முறை செய்யப்பட்ட மனை என்றால் அந்த ஆணையின் நகலைக் கேளுங்கள். புதிய மனைப்பிரிவு என்றால், வரைபடத்தில் காட்டிய சாலையும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டத்துக்கு ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம். விளம்பரத்தில் உள்ள எண்ணைத் தமிழ்நாடு ரேரா தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பதிவான பரிமாற்றங்கள் மட்டுமே அதில் வரும். பதிவாகாத பாகப் பிரிவினையோ வாரிசு உரிமையோ அதில் தெரியாது. குறைந்தது 30 ஆண்டு மூலப் பத்திரங்களை வரிசையாக வைத்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டைப் பார்ப்பதும் அவசியம். அது பஞ்சமி நிலமாக இருந்து, பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கினால் அந்தக் கிரயம் செல்லாது. உரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கென ஒதுக்கிய நிலம் அது; விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக்கூடாது.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை மூழ்கடித்தது. பல வீடுகளில் முதல் மாடியில்தான் அடைக்கலம் கிடைத்தது. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ மனையை ஒட்டிப் போகிறதா, அருகிலுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வெளியேறும் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். நஞ்செய்யாக இருந்த நிலம் என்றால் பெரும்பாலும் தாழ்வாகவும் களிமண்ணாகவும் இருக்கும். மண் நிரப்பவும் ஆழமான அடித்தளம் போடவும் ஆகும் செலவு, விலையில் மிச்சப்பட்டதைத் தின்றுவிடும். மனையை நவம்பர் மழையில் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். கோடையில், மே மாதத்தில், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போர் கிணறு எத்தனை அடி ஆழம், லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அங்கே வாங்குவதானால் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது.

பணக் கணக்கில் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. 40 லட்ச ரூபாய் தனி வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 32 லட்சம்தான் தரலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், 3.6 லட்சம்; இதைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கையில் 8 லட்சம் போதும் என்று நினைத்தவருக்கு 11.6 லட்சம் வேண்டும். அதற்கும் மேலே போர், மின் இணைப்பு, சுற்றுச்சுவர் என்று செலவு நிற்கும்.

ரேராவில் பதிவான திட்டத்தில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் விற்பவர் வாங்கக் கூடாது. தனி ஆளிடம் வாங்குவதானால் சிறிய தொகையோடு நிறுத்துங்கள். வழக்கறிஞரின் கருத்தோ வங்கியின் சட்ட ஆய்வோ பாதகமாக வந்தால் முன்பணத்தை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று கிரய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.