முதல்முறையாக நலங்கு மாவு அரைப்பவர்களுக்கு

குளிக்கும்போது சோப்புக்குப் பதில் தேய்த்துக்கொள்ளும் நலங்கு மாவு என்றாலே இருபது, இருபத்தைந்து சாமான் போட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் அவர்களே ஒரு நீளமான பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். முதல்முறை அரைப்பவர்களுக்கு அவ்வளவு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏழு சாமான் போதும். எதாவது ஒன்று உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பு வந்தால், இருபத்தைந்தில் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஏழு என்றால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துவிடலாம். மாவு நன்றாக வருவதற்கு முக்கியம் இரண்டே விஷயம்தான்: எல்லாம் ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும், மாவு நைசாக இருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை

முழுப் பாசிப்பயறு 500 கிராம்
கடலைப்பருப்பு 100 கிராம்
கஸ்தூரி மஞ்சள் 50 கிராம்
பூலாங்கிழங்கு 50 கிராம்
காய்ந்த ஆவாரம்பூ 50 கிராம்
காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் 50 கிராம்
வெட்டிவேர் 25 கிராம்

அழுக்கை எடுப்பது பயறும் பருப்பும்தான். பயறில் நுரைக்கிற தன்மையுள்ள சபோனின் கொஞ்சம் இருக்கிறது. அதன் மாவு தோலில் உள்ள எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் வாசத்துக்காகச் சேர்ப்பவை. அதனால் ஆவாரம்பூ கிடைக்கவில்லையென்றால் கவலைப்படாமல் விட்டுவிடுங்கள். பயறின் அளவை மட்டும் குறைக்க வேண்டாம்.

கஸ்தூரி மஞ்சளைப் பொடியாக வாங்காதீர்கள். பொடியில் எது கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கிழங்காகவோ காய்ந்த துண்டாகவோ வாங்கி, ஒன்றை உடைத்து முகர்ந்து பாருங்கள். லேசாகக் கற்பூரம் கலந்த வாசம் வரும். சமையல் மஞ்சளின் வாசமே வேறு. சமையல் மஞ்சளைப் போட்டால் முகத்திலும் துண்டிலும் மஞ்சள் கறை ஏறும். வீட்டில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

காய வைப்பது

பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்குச் சரியான காலம். ஐப்பசி மழையில் ஆரம்பிக்காதீர்கள்.

பயறு, பருப்பு, கிழங்குகள், வெட்டிவேர் நான்கையும் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். ஆவாரம்பூவையும் ரோஜா இதழையும் நிழலில்தான் காய வைக்க வேண்டும். உச்சி வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து வாசமும் போய்விடும். கடையில் "காய்ந்தது" என்று கொடுக்கும் ரோஜா இதழிலும் ஈரம் இருக்கும். ஓர் இதழை எடுத்து விரலால் நசுக்குங்கள். நொறுங்கித் தூளானால் சரி. துணி மாதிரி மடங்கினால் இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும். பயறைக் கடித்துப் பார்த்தால் 'டக்' என்று உடைய வேண்டும். இதில் அவசரப்பட்டால், அரைத்த மாவு சில வாரத்தில் கட்டி தட்டிப் பூஞ்சை பிடித்துவிடும்.

அரைப்பது

இரண்டு கிழங்கும் கல் மாதிரி இருக்கும். அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். முதலில் இடிகல்லில் சுண்டைக்காய் அளவுக்கு இடித்துக்கொள்ளுங்கள். வெட்டிவேரை மண் போக உதறி, கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். நீளமாகப் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் திணறும்.

இவ்வளவு மாவை மிக்ஸியில் அரைப்பதானால் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜார் சூடேறினால் வாசம் குறைந்துவிடும். மாவு மில்லில் கொடுப்பது எளிது, ஆனால் அங்கே ஒரு எச்சரிக்கை: அதே மெஷினில் மிளகாய் அரைத்திருந்தால் உங்கள் முகம் எரியும். மாவுக்கும் மிளகாய்க்கும் தனித்தனி மெஷின் வைத்திருக்கிற மில்லாகப் பாருங்கள். அரிசி மாவு அரைத்து முடித்த பிறகு போடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து இரண்டு கைப்பிடி பச்சரிசி கொண்டுபோய் முதலில் அதை ஓட விட்டு, வருவதைத் தனியாக எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

சலிப்பது

பலர் இதைச் செய்வதில்லை, எனக்கு இது மிக முக்கியம். சாதாரண மாவுச் சல்லடை போதாது. வெட்டிவேர் நாரும் பயறுத் தோலும் அதில் இறங்கிவிடும், முகத்தில் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் கீறும். சித்த வைத்தியத்தில் சூரணத்துக்கு, அதாவது மருந்துப் பொடிக்குச் செய்கிற வஸ்திரகாயம்தான் (துணியில் சலிப்பது) இதற்கு வழி. அகலமான ஒரு பாத்திரத்தின் வாயில் மெல்லிய பழைய பருத்தி வேட்டித் துணியை இழுத்துக் கட்டுங்கள். ஒரு கைப்பிடி மாவைப் போட்டு, விரல் நுனியால் துணியின் மேல் வட்டமாகத் தடவுங்கள். கீழே புகைபோல இறங்குவதுதான் முகத்துக்கான மாவு. நேரம் பிடிக்கும், கையும் வலிக்கும். எல்லாவற்றையும் இப்படிச் சலிக்க முடியாவிட்டால் முகத்துக்கு வேண்டிய கால் கிலோவையாவது சலித்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மாவுச் சல்லடையில் சலித்து உடம்புக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே தங்கும் கப்பி குதிகால் தேய்க்க நன்றாக இருக்கும்.

போட்டுப் பார்ப்பது

முகத்தில் போடும் முன், கொஞ்சம் மாவைக் குழைத்து முன்கையின் உட்புறம் தடவி, சில நிமிடம் கழித்துக் கழுவுங்கள். இரண்டு நாள் பொறுத்திருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

முகத்துக்கு ஒரு டீஸ்பூன், உடம்புக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். எண்ணெய் வடியும் தோல் என்றால் தண்ணீரிலோ பன்னீரிலோ குழையுங்கள். வறண்ட தோலுக்குத் தயிர் அல்லது பால். முதலில் தோலை நனைத்துவிட்டுத் தடவி, மெதுவாக ஒரு நிமிடம் தேய்த்து, ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள். காய்ந்து இறுகும்வரை வைத்திருந்தால் பலன் கூடும் என்பார்கள். தோல் வறண்டு இழுப்பதுதான் மிச்சம். குளித்து முடித்ததும் குளியலறைத் தரையில் நிறையத் தண்ணீர் ஊற்றி விடுங்கள். மாவு படிந்தால் வழுக்கும், பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை.

இந்த மாவு தோலைச் சுத்தமாக, வாசமாக வைக்கும். வெள்ளையாக்காது. தோலின் நிறம் மெலனினால் வருவது, பயறு அதை மாற்றாது. வெள்ளையாவதற்காக யாராவது உங்கள் மகளுக்கு இதைச் சிபாரிசு செய்தால் தயவுசெய்து அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

சேர்க்கவே கூடாதவை

கார்போக அரிசி என்ற மூலிகை விதை பல பழைய பட்டியல்களில் இருக்கும். அதில் உள்ள சோராலென் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், தோல் வெந்து கருத்துவிடலாம். வெண்புள்ளிக்கு மருத்துவர் மேற்பார்வையில் பயன்படுவதும் இதே தன்மைக்காகத்தான். வீட்டு மாவில் அதற்கு வேலை இல்லை. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான்: அதன் புளிப்பே தோலுக்கு அதிகம், போதாக்குறைக்கு வெயிலில் கருக்க வைக்கிற பொருள்களும் எலுமிச்சையில் உண்டு. சமையல் சோடா எதிர்ப்பக்கம். இயல்பாக லேசான அமிலத் தன்மையோடு இருக்கும் தோலை அதன் காரம் கெடுத்துவிடும்.

கைக்குழந்தைக்கு மாவுத் தூள் மூச்சில் ஏறும் ஆபத்து இருக்கிறது, குழந்தை மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். சீழ் வைத்த பரு, கரப்பான், புண் இருக்கும் இடத்தில் யாருக்குமே போடாதீர்கள்.

எடுத்து வைப்பது

மாவு நன்றாக ஆறிய பிறகு கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கொட்டுங்கள். குளியலறைக்குள் ஒரு வாரத்துக்கானதை மட்டும் சின்ன டப்பாவில் வைத்து, ஈரக் கை படாமல் ஒரு காய்ந்த ஸ்பூன் போட்டு வையுங்கள். பெரிய டப்பா சமையலறை அலமாரியில் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தண்ணீரோ தயிரோ சேர்த்துக் குழைத்தது மிஞ்சினால் அன்றே கொட்டிவிடுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. வண்டு ஓடினாலோ, முக்கல் வாசம் வந்தாலோ மறுபடி சலித்துப் பயன்படுத்த வேண்டாம், செடிக்குப் போட்டுவிடுங்கள்.