அரிப்பு நின்றால் நோய் போய்விட்டதா? தோலிலும் முடியிலும் நாம் செய்யும் தவறுகள்

"அண்ணா, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று மருந்துக்கடையில் கேட்பதுதான் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தோல் வைத்தியத்தின் முதல் படி. பெரும்பாலும் அது படர்தாமரையாக இருக்கும். கடைக்காரர் எடுத்துத் தருவது பல நேரம் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த க்ரீம். தடவிய இரண்டு மூன்று நாளில் அரிப்பு நின்று, சிவப்பும் மங்கிவிடும். கைராசிக்காரக் கடை என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அனுப்புவோம்.

ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது அரிப்பையும் சிவப்பையும்தான், பூஞ்சையை அல்ல. அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடுவதால் பூஞ்சை தடையில்லாமல் பரவும். தடவுவதை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும், மறுபடி அதே டியூப். இப்படியே மாதக்கணக்கில் ஓடினால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் முழுசாக மறைவதில்லை. படர்தாமரைக்கே உரிய வட்ட விளிம்பும் கலைந்துபோவதால், பார்க்கும் மருத்துவருக்கே குழப்பம் வரும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர் டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இப்படிப்பட்ட பல க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. கடையில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஸ்டீராய்டே விஷம் என்று சொல்ல வரவில்லை. கரப்பான் போன்றவற்றுக்கு மருத்துவர் அளவோடு எழுதித் தரும்போது அதுதான் சரியான மருந்து. படர்தாமரைக்குத்தான் ஆகாது.

சரியான பூஞ்சை மருந்து வாங்கியவர்களும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தடிப்பின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். பரவிவிட்டால் மாத்திரையும் தேவைப்படும். துண்டு, உள்ளாடை எல்லாம் தனித்தனி, வெயிலில் நன்றாகக் காயவேண்டும். எல்லாரும் மறப்பது அரைஞாண் கயிறு. குளித்தபின் ஈரத்தோடு இடுப்பில் கிடந்து பூஞ்சைக்கு இடம் கொடுப்பது அதுதான். குணமாகும்வரை கழற்றி வையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அப்புறம் புதுசு கட்டிக்கொள்ளலாம்.

சொறியில் கதை தலைகீழ். ராத்திரியில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னக் கொப்புளம், வீட்டில் இன்னொருவருக்கும் அதே அரிப்பு என்றால் அது சிற்றுண்ணி என்ற மிகச் சின்னப் பூச்சியால் வரும் சொறியாக இருக்கலாம். மருத்துவர் பெர்மெத்ரின் 5% க்ரீம் எழுதினால், அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் போதாது. பெரியவர்கள் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி, 8 முதல் 12 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் தடவ வேண்டும். உண்ணி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று தினமும் தடவினால் தோல்தான் புண்ணாகும்.

மாங்காய்ப் பருவத்தில் காம்புப் பால் பட்டு வரும் புண்ணுக்குச் சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம். பால் பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. களை பிடுங்கியபின் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் தடித்தால் பார்த்தீனியம் என்ற களைச்செடியைச் சந்தேகப்படுங்கள்.

முடி கொட்டினால் இங்கே எல்லாரும் கை காட்டுவது போர் தண்ணீரைத்தான். நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் அது கெடுப்பது பல்லையும் எலும்பையும். உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி சொரசொரப்பாகும், உடையும். கொத்தாக வேரோடு வராது. அப்படி வந்தால் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள்: டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைத்தது என்று ஏதாவது இருக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும். அந்த நேரத்தில் எந்த எண்ணெய் தேய்த்தோமோ அதற்குப் பேர் கிடைத்துவிடும்! நிற்கவில்லை என்றால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்வதே மேல். பொடுகுக்கு எண்ணெயை ஊறவிடுவதும் தவறு, பொடுகுக்குப் பின்னால் இருக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. புழுவெட்டுக்குப் பூண்டு அரைத்துத் தேய்த்தால் தோல் வெந்துபோவதுதான் மிச்சம்.

கடைசியாக, வெளிறிய படை எல்லாவற்றையும் தேமல் என்று விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் தொட்டால், சுட்டால் உணர்வு குறைவாக இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம், மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். தள்ளிப்போட்டு நரம்பு கெட்டு விரல் மடங்கிய பிறகு வந்தால், கிருமியை ஒழிக்க முடியும், விரலை அந்த மாத்திரை நிமிர்த்தாது.