‘சிப்பாய்’க்கு ஆங்கிலத்தில் இயைபு தேடுவது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 நெருங்கும்போது, 1806இல் வேலூர்க் கோட்டைக்குள் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றிக் கவிதை எழுத விரும்பும் மாணவர்கள் சிலர் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு வருவார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு என் உதவி அதிகம் தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்தாம் நான்கு வரி ஓடியதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கவிதையின் நாயகனான சிப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வரியின் கடைசியில் வைத்துவிட்டு, அதற்கு இயைபாக அடுத்த வரியை முடிக்க ஒரு சொல்லும் அகப்படாமல் தவிக்கிறார்கள். சென்ற ஆண்டு காட்பாடியிலிருந்து வந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் நானும் அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மாலை முழுவதும் தேடினோம். அன்று செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேறு எந்த அரிய ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வழியில் தேடலாம்.

முதல் வேலை, எழுத்தை மறந்து ஒலியைப் பிடிப்பது. ஆங்கிலத்தில் எழுத்தை நம்பி இயைபு தேடுகிறவர் பாதி வழியிலேயே தவறிவிடுவார். ‘பைன்ட்’ என்ற அளவைச் சொல் எழுத்தில் ‘மின்ட்’, ‘ஹின்ட்’ ஆகியவற்றைப் போலவே முடிந்தாலும் ஒலியில் அவற்றோடு சேராது. ஆகவே உச்சரிப்புக் குறியீடு தரும் நல்ல அகராதி ஒன்றைத் திறந்து, சொல்லின் ஒலியையும், அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் சொல்லை ஆங்கிலேயர் ‘சீப்பொய்’ என்கிறார்கள். முதல் அசை நெடில், அழுத்தமும் அதன்மேல்தான். நாம் பேசும் ‘சிப்பாய்’, அவர்களுடைய ‘சீப்பொய்’ இரண்டுமே ‘சிபாஹி’ என்ற பாரசீகச் சொல்லின் வழியில் வந்தவை. ஆனாலும் நம் காதில் ஊறியிருக்கும் ‘பாய்’ என்ற ஓசையை அங்கே கொண்டுபோனால் தேடல் முழுவதும் கோணலாகிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழில் இரண்டு உயிர்களுக்கு இடையே ஒற்றைப் பகரம் வந்தால் அது மென்மையாகவே ஒலிக்கும் என்பதால், ஆங்கிலத்தின் வன்மையான ஒலியைக் காட்ட இந்தக் கட்டுரையில் பகரத்தை இரட்டித்தே எழுதுகிறேன்.

அடுத்து, எந்தப் பகுதி ஒத்திருக்க வேண்டும் என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். நம் எதுகையில் முதலெழுத்து குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் அளவொத்து நின்றால் போதும், இரண்டாம் எழுத்து முதல் ஒன்றிவர வேண்டும். ஆங்கில முழு இயைபு இதற்கு ஒரு படி மேலே போகிறது: அழுத்தம் பெற்ற கடைசி உயிரொலி தொடங்கிச் சொல்லின் இறுதிவரை அத்தனை ஒலியும் ஒத்திருக்க வேண்டும், அந்த உயிருக்கு முன்னே நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். அப்படியானால் ‘சீப்பொய்’ என்ற சொல்லில் சகர ஒலியை நீக்கிவிட்டு ‘ஈப்பொய்’ என்ற பகுதியை முழுதாக வைத்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் பெரும்பாலான மாணவர்கள் சறுக்குகிறார்கள். ‘பொய்’ என்ற கடைசி அசையை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘எஞ்சொய்’, ‘டெஸ்ட்ரொய்’ என்று அழுத்தம் பின்னால் விழும் வினைச்சொற்களை எழுதி, கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

வைத்துக்கொண்ட பகுதியை ஒரு தாளின் நடுவில் எழுதி, அதன் முன்னால் ஆங்கில மெய்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பீப்பொய், சீப்பொய், டீப்பொய், ஃபீப்பொய், கீப்பொய், ஹீப்பொய் என்று வரிசை தவறாமல் போக வேண்டும். ஒற்றை மெய்கள் முடிந்ததும் ப்ள, ப்ர, ஸ்ட்ர போன்ற கூட்டு மெய்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருளற்ற ஒலிகளே மிகுதியாக வரும் என்பதால் சலிப்புத் தட்டும், ஆனால் சலிப்பால் ஓர் எழுத்தைத் தாண்டிவிட்டால் தேடிய சொல் அந்த எழுத்திலேயே இருந்துவிடக்கூடும். அன்று மாலை அந்த மாணவி ‘டீப்பொய்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தாள். நான் அவளை நிறுத்தி, எங்களுக்கு நடுவே தேநீர்க் குவளைகள் இருந்த சிறிய மேசையைத் தொட்டுக் காட்டினேன். நம் வீடுகளில் ‘டீப்பாய்’ என்று சொல்கிறோமே, அதுதான் அந்தச் சொல். மூன்று கால் என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. தேநீரோடு அதற்குப் பிறப்பில் உறவில்லை. ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற முறையான சொல் அது, சிப்பாய்க்குக் குறைவற்ற முழு இயைபும்கூட. இந்திய மூலம் கொண்ட ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இயைபு தேடும்போது, அதைப் போலவே இங்கிருந்து கடல் கடந்த சொற்களை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்று நானும் உறுதியாகக் கற்றுக்கொண்டேன்.

கையால் தேடியபின் கருவிகளிடம் போகலாம். ‘ரைம்ஸோன்’ என்ற இணையதளத்தில் சொல்லை இட்டால் முழு இயைபுகளையும் நெருங்கிய இயைபுகளையும் காட்டும். ‘ஒன்லுக்’ என்ற தளத்தில் நட்சத்திரக் குறியைப் போட்டு அதன்பின் பி, ஓ, ஒய் என்ற மூன்று எழுத்துகளை இட்டால், அந்த எழுத்துகளில் முடியும் சொற்களெல்லாம் வரும். ஆனால் அது எழுத்தைப் பார்க்கும் தேடல், ஒலியைப் பார்ப்பதன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி 1,30,000க்கும் மேற்பட்ட சொற்களை 39 ஒலிகளாகப் பிரித்து அழுத்தத்தோடு தருகிறது. அது அமெரிக்க உச்சரிப்பு என்பதால் பிரிட்டிஷ் உச்சரிப்பை மனத்தில் வைத்து எழுதுகிறவர் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கணினிக்கு வெகுகாலம் முன்னரே, 1775இல், ஜான் வாக்கர் என்பவர் ஆங்கிலச் சொற்களை அவற்றின் இறுதியெழுத்துகளின்படி அடுக்கி ஓர் அகராதி வெளியிட்டார். அதற்கும் 43 ஆண்டுகளுக்கு முன்பே, 1732இல், வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடையகராதியாக அமைந்து, எதுகை தேடும் புலவருக்குச் சொற்களை எடுத்துக் கொடுத்தது என்பதை இந்த இடத்தில் பெருமையோடு சொல்ல விரும்புகிறேன்.

முழு இயைபு ஒன்று கிடைத்தாலும் ஒரு கவிதை முழுவதற்கும் அது போதாது. பல சொற்களுக்கு அந்த ஒன்றும் கிடைப்பதில்லை. அப்போது நெருங்கிய இயைபுக்குப் போக வேண்டும். இதை ஏதோ தகுதிக் குறைவு என்று மாணவர்கள் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. இரண்டாம் எழுத்து அதே எழுத்தாக வராமல் அதன் இனத்தைச் சேர்ந்த எழுத்தாக வந்தாலும் அதை இன எதுகை என்று நம் யாப்பிலக்கணம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘கடல்’ என்பதற்கு ‘மதில்’ என்று வந்தால் டகரமும் தகரமும் வேறாயினும் இரண்டும் வல்லினம் என்பதால் அது வல்லின எதுகை. இதே கண்ணோட்டத்தை ஆங்கிலத்துக்கும் பொருத்திப் பாருங்கள். காற்றைத் தடுத்து வெடிப்போடு வெளிவிடும் ஒலிகள் ஒரு குடும்பம், மூக்கொலிகள் ஒரு குடும்பம், உரசொலிகள் இன்னொரு குடும்பம். உயிரைக் காப்பாற்றிக்கொண்டு மெய்யை மட்டும் அதன் குடும்பத்துக்குள் மாற்றினால் காது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

‘ஈப்பொய்’ என்பதில் நடுவில் உள்ள பகரத்தைக் ககரமாக்குங்கள்: ‘டீக்கொய்’ கிடைக்கிறது. எதிரியை ஏமாற்றி இழுக்க வைக்கும் பொய்யிலக்கைக் குறிக்கும் சொல் அது. பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம் பெறுவதுண்டு, போர் பற்றிய கவிதையில் பொருளாலும் பொருந்தும். வன்மையான பகரத்தை மென்மையாக்கினால், தேநீர் கொண்டுவரும் பையனைக் குறிக்கும் ‘டீபொய்’ வருகிறது. தமிழ் எழுத்தில் இந்த இரண்டு பகரங்களும் ஒன்றே என்பதால் நமக்கு இது முழு இயைபாகத் தோன்றும். ஆங்கிலக் காதுக்கோ இவை வேறு வேறு ஒலிகள், ஆகையால் இதை நெருங்கிய இயைபு என்றே கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் யாப்பு தரும் இன்னொரு கருவி ஆசிடை எதுகை. ‘பாய்மரம்’, ‘மாமரம்’ என்பவற்றில் நடுவே யகர ஒற்று ஒன்று நுழைந்திருந்தாலும் எதுகை கெடுவதில்லை. ய், ர், ல், ழ் ஆகிய நான்கு ஒற்றுகளுக்கு இலக்கணம் இந்தச் சலுகையைத் தருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லில் தேடுவதை விட்டுவிட்டு இரண்டு சொற்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மலிவான தந்திரம் என்று பொருள்படும் ‘சீப் ப்ளொய்’ என்ற தொடர் எங்களுக்குக் கிடைத்தது. ஈகாரம், பகரம், இடையில் நுழைந்த ஒரு லகரம், பிறகு ‘ஒய்’. அந்தத் தொடரைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த மலர்ச்சி இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஆழ்ந்த மகிழ்ச்சி என்ற ‘டீப் ஜொய்’ இதற்கு அடுத்த நிலையில் நிற்கும்.

இவற்றுக்கும் கீழே, கடைசி அசை மட்டும் ஒக்கும் சொற்கள் வருகின்றன. கயிற்றுக் கட்டிலைக் குறிக்கும் ‘சார்ப்பொய்’ இவற்றில் சிறந்தது. டீப்பாய்க்கு மூன்று கால் என்றால் இதன் பெயரில் நான்கு கால் இருக்கிறது. ‘கான்வொய்’, ‘என்வொய்’, ‘வைஸ்ரொய்’ ஆகியவையும் முதல் அசையில் அழுத்தம் உள்ளவை என்பதால் பயன்படும். முன்பு விலக்கிய ‘டெஸ்ட்ரொய்’ போன்றவற்றை அழுத்தம் பிறழ்ந்த இயைபாக எடுத்துக்கொள்ளலாம், ஆங்கில நாட்டுக்கதைப் பாடல்களில் அதற்கு இடமுண்டு. இருந்தாலும் ஒரு கவிதையில் ஒருமுறைக்கு மேல் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

பட்டியல் ஆனபின் பொருளைப் பார்த்துக் களையெடுக்க வேண்டும். ஒலிக்காக மட்டும் ஒரு சொல்லை உள்ளே விட்டால் வரலாறு கெட்டுப்போகும். 1806இல் இந்தியாவில் வைஸ்ராய் என்ற பதவியே கிடையாது, அது 1858இல் வந்தது. எனவே அந்தச் சொல்லை அடித்தோம். டீப்பாயையோ ஓர் அதிகாரியின் அறையில் வைக்கலாம். மாணவி எழுதிய இரண்டு வரிகளை ஒலி தெரியும்படி தமிழெழுத்தில் தருகிறேன்:

அ லேம்ப் பர்ண்ட் லோ அப்பான் த டீப்பொய்,
அண்ட் பாஸ்ட் த விண்டோ ஸ்டெப்ட் த சீப்பொய்.

மேசைமேல் விளக்கு மங்கி எரிய, சன்னலைக் கடந்து சிப்பாய் நடக்கிறான். ஓசை சரியாக விழுகிறது. ஆனால் அழுத்தம் முதல் அசையிலும் ஓய்வு இரண்டாம் அசையிலுமாக முடியும் ஈரசை இயைபு ஆங்கிலத்தில் சற்றுத் துள்ளலாக ஒலிக்கும். தொடர்ந்து வந்தால் வேடிக்கைப் பாட்டின் சாயல் ஏறிவிடும். உயிர்ப்பலியைப் பாடும் கவிதையில் அது ஆகாது. ஆகவே ஒரு பத்தியில் மட்டும் அதை வைத்துவிட்டு, மற்ற இடங்களில் சிப்பாயை வரியின் நடுவுக்கு நகர்த்தி, கோட்டை, அகழி, விடியல் ஆகியவற்றைக் குறிக்கும் ஓரசைச் சொற்களை வரியிறுதியில் வைக்கச் சொன்னேன். அவற்றுக்கு இயைபு எளிதாகக் கிடைக்கும். சொல்லைப் பன்மையாக்கிப் பார்ப்பதும் உதவும், அப்போது வினைச்சொற்களின் சகர ஈறுகளும் துணைக்கு வரும்.

இதே கவிதைக்குத் தேவைப்பட்ட மற்ற இரண்டு சொற்கள் அவ்வளவு தொல்லை தரவில்லை. சிப்பாய்களின் சினத்துக்குக் காரணமான புதிய தலைப்பாகையைக் குறிக்கும் ‘டர்பன்’ என்பதற்கு ‘அர்பன்’, ‘சபர்பன்’, தென்னாப்பிரிக்க நகரமான ‘டர்பன்’ என முழு இயைபுகள் உண்டு. புரட்சியைக் குறிக்கும் ‘மியூட்டினி’க்கு, நுணுகி ஆராய்தலைக் குறிக்கும் ‘ஸ்க்ரூட்டினி’ மூன்றசையும் பொருந்த அமைந்திருக்கிறது. நெருங்கியது வேண்டுமானால் ‘யூனிட்டி’ இருக்கிறது. அதே உயிர்கள், மெய்கள் மட்டும் இடம் மாறியவை.

கடைசியாக, எழுதிய தாளைக் கையில் வைத்திராத ஒருவருக்கு வரிகளைப் படித்துக் காட்டுங்கள், ஏனெனில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பவருக்குக் கண் வந்து காதுக்குத் துணைபோகும். எங்கள் வரிகளை, ஆங்கிலம் ஓரளவே அறிந்த என் தாயாரிடம் அந்தப் பெண் படித்துக் காட்டினாள். டீப்பொய், சீப்பொய் வந்த இடத்தில் அம்மா தலையசைத்தார். சீப் ப்ளொய் வந்த இடத்திலும் அசைத்தார். டெஸ்ட்ரொய் வந்த இடத்தில் “இது ஒட்டலியே, கண்ணு” என்றார். அந்த வரியை மாணவி அங்கேயே அடித்துவிட்டு, டீக்கொய்யை வைத்துப் புதிதாக எழுதத் தொடங்கினாள்.