பழைய படம் திருத்துகிறவர்களுக்கு: ஜிம்ப் திரையை எப்படி அமைத்துக்கொள்வது

எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். கரையான் அரித்தது, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, குங்குமம் வைத்து வைத்து நெற்றியில் கறை ஏறியது என்று விதவிதமாக வரும். பல வீடுகளில் அந்தத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ இருக்கிற ஒரே படம் அதுதான். அதனால் முகத்தில் ஒரு நிழல் கூடினாலும் குறைந்தாலும் வீட்டுக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இந்த வேலைக்கு நான் ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதைச் சொல்லிக் கொடுக்கும்போது, கறையையும் கிழிசலையும் பக்கத்துப் பகுதியைக் கொண்டு மறைக்கிற ஹீல் கருவியிலிருந்தோ குளோன் கருவியிலிருந்தோ நான் தொடங்குவதில்லை. முதலில் திரையை ஒழுங்குபடுத்தச் சொல்வேன். திரை தப்பாக இருந்தால் கண் ஏமாறும், கண் ஏமாந்தால் பிரிண்ட் கெடும்.

முதல் வேலை நிறம். 2018-ல் வந்த 2.10 பதிப்பில் ஜிம்ப் கறுப்புத் தோற்றத்தில்தான் திறக்கும். பார்க்க நன்றாக இருக்கும், இரவில் கண்ணும் கூசாது. ஆனால் கறுப்புக்கு நடுவே வைத்த படம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தெரியும். கோட்டு மடிப்பு, தலைமுடி, கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் எல்லாம் நன்றாகத் திறந்திருப்பதாகத் தோன்றும். போதும் என்று நிறுத்திவிடுவோம். வெள்ளைத் தாளில் பிரிண்ட் வந்ததும் அதே இடங்கள் அடைத்துக்கொண்டு இருட்டாக நிற்கும். "அக்கா, ஸ்கிரீன்ல நல்லாத்தானே இருந்துச்சு" என்று எங்கள் கடையில் வேலை கற்கும் தம்பி கேட்பான். ஸ்கிரீனில் அதைச் சுற்றி என்ன இருந்தது என்று பார்க்கச் சொல்வேன்.

நம்பிக்கை வராவிட்டால் நீங்களே சோதித்துப் பாருங்கள். புதிய படம் ஒன்று திறந்து, இடது பாதியைக் கறுப்பாகவும் வலது பாதியை வெள்ளையாகவும் நிரப்புங்கள். இரண்டு பாதியிலும் நடுவில் ஒரே சாம்பல் நிறத்தில் சின்னச் சதுரம் வையுங்கள். கறுப்பில் இருப்பது வெளிறியும் வெள்ளையில் இருப்பது இருண்டும் தெரியும். கலர் பிக்கரால் தொட்டால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். இது கணினியோடு வந்த சங்கதியும் அல்ல. பாரீஸில் கோப்லின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-ல் பொறுப்பேற்ற ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்று புகார் போனது. ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய மற்ற நூல்களின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839-ல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார்.

சரி, எப்படி மாற்றுவது? எடிட் மெனுவில் கடைசிப் பக்கமாக பிரிஃபரன்சஸ் இருக்கும். அதில் இன்டர்ஃபேஸ், அதற்குள் தீம். 2.10-ல் டார்க், கிரே, லைட், சிஸ்டம் என்று நான்கு இருக்கும். கிரே என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2025-ல் வந்த 3.0 பதிப்பிலும் இதே பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். ஐகான் சின்னதாகத் தெரிகிறவர்கள் அடுத்துள்ள ஐகான் தீம் பக்கத்தில் அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

தீமைவிட முக்கியமானது படத்தைச் சுற்றி உள்ள வெற்றிடத்தின் நிறம். இதைப் பலர் தொடுவதே இல்லை. பிரிஃபரன்சஸில் இமேஜ் விண்டோஸ், அதற்குள் அப்பியரன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சாதாரண நிலைக்கு ஒன்று, முழுத்திரை நிலைக்கு ஒன்று என்று இரண்டு தொகுதி இருக்கும். இரண்டிலும் கேன்வாஸ் பேடிங் மோட் என்ற வரி உண்டு. சாதாரண நிலையில் அதை கஸ்டம் கலர் என்று மாற்றி, நிறப் பெட்டியில் 777777 என்று அடியுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 119. வெளிச்சத்தை அளந்தால் சுமார் 18 சதவீதம் திருப்புகிற சாம்பல் இது. வெளிச்சம் அளக்கக் கேமராக்காரர்கள் கையில் வைத்திருக்கும் சாம்பல் அட்டையான கிரே கார்டும் அதே அளவுதான். துளி நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் வைக்காதீர்கள். செபியா படத்தின் பழுப்பைக் கண் சரியாகப் பார்க்காது.

முழுத்திரை நிலைக்கு மட்டும் அதே வரியில் வெள்ளை கொடுங்கள். அங்கே மெனுபார், ரூலர், ஸ்க்ரோல்பார், ஸ்டேட்டஸ்பார் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி சாம்பலில் வேலை செய்துகொண்டே இருக்கலாம். எஃப் 11 அழுத்திவிட்டு டேப் கீயைத் தட்டினால் பக்கத்துப் பலகைகளும் மறைந்து, படம் வெள்ளைத் தாளில் ஒட்டியதுபோல நிற்கும். நிழல் அடைத்திருந்தால் அந்தக் கணமே தெரியும். ஒவ்வொரு படத்தையும் பிரிண்டுக்கு அனுப்புமுன் இப்படி ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மானிட்டரின் வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். பிரிண்ட் எடுக்கிற தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிறவரை இறக்குங்கள்.

அதே பக்கத்தில் சாதாரண நிலையிலும் ரூலரையும் லேயர் (படத்தின் மேல் அடுக்கடுக்காக வைக்கும் கண்ணாடித் தாள் போன்றது) எல்லைக்கோட்டையும் எடுத்துவிடுவேன். முகத்தின் ஓரத்தில் மஞ்சள் புள்ளிக்கோடு ஓடினால் கண் அங்கேயே போகும்.

அப்புறம் கருவிப்பெட்டி. இன்டர்ஃபேஸுக்குள் டூல்பாக்ஸ் பக்கத்தில் எல்லாக் கருவிகளும் வரிசையாக இருக்கும். கண் அடையாளத்தை அழுத்தினால் அந்தக் கருவி பெட்டியிலிருந்து மறையும். இழுத்து வரிசையையும் மாற்றலாம். யூஸ் டூல் க்ரூப்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டால், ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருக்கும் கருவிகள் தனித்தனியாக வெளியே வரும். பழைய படத்துக்கு எனக்குத் தேவை செவ்வகத் தேர்வு, ஃப்ரீ செலக்ட், க்ராப், மூவ், ஹீல், குளோன், டாட்ஜ் பர்ன், பெயின்ட்பிரஷ், ஜூம். அவ்வளவுதான். ஸ்மட்ஜை வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறேன். கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் புதிதாகக் கற்கிறவர்கள் சுருக்கத்தை அதில் தேய்த்து, படத்தின் மணல் போன்ற துகளை அழித்து, முகத்தை மெழுகாக்கிவிடுகிறார்கள். மறைத்த கருவி எங்கும் போய்விடாது, மெனுவில் இருக்கும்.

வலது பக்கம் முதலில் திறக்கும்போது பிரஷ், பேட்டர்ன், ஃபான்ட் என்று பல பலகைகள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் சின்ன அம்புக்குறி பொத்தான் உண்டு. அதில் க்ளோஸ் டேப் கொடுத்தால் போய்விடும், ஆட் டேப் கொடுத்தால் புதிது வரும். நான் மேலே படத்தின் இருட்டு வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமும் கீழே லேயர்ஸும் அண்டு ஹிஸ்டரியும் மட்டும் வைத்திருக்கிறேன். டூல் ஆப்ஷன்ஸ் இடது பக்கம் கருவிகளுக்குக் கீழே, சாம்பிள் மெர்ஜ்ட் டிக் எப்போதும் தெரிகிற உயரத்தில் இருக்க வேண்டும். எல்லா லேயரையும் சேர்த்துப் பார்த்து நிறத்தை எடுக்கச் செய்வது அந்த டிக்தான்; காலி லேயரில் ஹீல் செய்து மூலப் படத்தைத் தொடாமல் வைத்திருக்க அது வேண்டும். வைத்த இடத்தை விட்டுப் பலகை நகராதிருக்க அதே அம்புக்குறியில் லாக் டேப் டு டாக் உண்டு.

எல்லாப் பலகையும் திடீரென்று காணாமல் போனால் பதற வேண்டாம். கை தவறி டேப் கீ பட்டிருக்கும். இன்னொருமுறை அழுத்துங்கள், வந்துவிடும். ஜிம்ப்பின் விண்டோஸ் மெனுவிலும் ஹைட் டாக்ஸ் என்று இருக்கிறது.

குறுக்குவிசைகளை எடிட் மெனுவின் கீபோர்ட் ஷார்ட்கட்ஸில் மாற்றலாம். போட்டோஷாப்பிலிருந்து வருகிறவர்களுக்குக் கை இடறும் இடங்கள் சில உண்டு. அங்கே கன்ட்ரோல் எல் லெவல்ஸ், இங்கே லேயர்ஸ் பலகை. அங்கே கன்ட்ரோல் எம் கர்வ்ஸ், இங்கே தெரிகிற லேயர்களை எல்லாம் ஒன்றாக்கிவிடும். அங்கே கன்ட்ரோல் டி தேர்வை நீக்கும், இங்கே படத்தையே இன்னொரு பிரதி எடுக்கும். இந்த மூன்றை மட்டும் போட்டோஷாப் பழக்கத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். தேடல் பெட்டியில் பெயரை அடித்து, அந்த வரியைச் சொடுக்கி, வேண்டிய விசையை அழுத்துங்கள். ஏற்கெனவே வேறொன்றுக்கு இருந்தால், மாற்றவா என்று கேட்கும். முழுக்கவும் போட்டோஷாப் போலவே ஆக்கித் தருகிற போட்டோஜிம்ப் என்ற இலவசத் தொகுப்பும் இருக்கிறது. ஆனால் நம் வேலைக்கு எது வேண்டும் என்று நாமே தேர்ந்து அடுக்கியதுதான் கையில் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம். பெயர் தெரிந்து இடம் மறந்தால் சாய்கோட்டு (/) விசையைத் தட்டி, இரண்டு எழுத்து அடித்தால் ஜிம்ப்பே தேடிக் கொடுக்கும்.

அடுக்கி முடித்ததும் பிரிஃபரன்சஸில் விண்டோ மேனேஜ்மென்ட் பக்கம் போய், சேவ் விண்டோ பொசிஷன்ஸ் நவ் என்ற பொத்தானை அழுத்துங்கள். மேலே, மூடும்போது சேமி என்றிருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரே கணினியில் பலர் உட்காரும் கடைகளுக்கு இது பெரிய நிம்மதி. யார் எதைக் கலைத்தாலும் அடுத்தமுறை திறக்கும்போது உங்கள் ஒழுங்கிலேயே வரும்.

கடைசியாக ஒரு பிரதி. விண்டோஸில் உங்கள் கணக்கின் ஆப்டேட்டா, ரோமிங், ஜிம்ப் என்று உள்ளே போனால் பதிப்பின் எண்ணோடு ஒரு கோப்புறை இருக்கும். லினக்ஸில் அது வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறையில் கிடைக்கும். ஜிம்ப்பை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கணினியை ஃபார்மேட் செய்தாலும், பக்கத்து மேசைக்குப் புதுக் கணினி வந்தாலும், அதே பதிப்பை நிறுவி அதே இடத்தில் ஒட்டிவிட்டால் நிறம், பலகை, விசை எல்லாம் ஒன்றாக வந்துவிடும்.