வேன் எடுத்துக்கொண்டு கேம்பிங் போகிறீர்களா? கேஸ் தோம்பில் இந்தத் தவறுகள் வேண்டாம்

பள்ளி விடுமுறை விட்டால் போதும், தாப்பா, பீடோர் பக்கத்திலிருந்து பாய், அரிசி, ஐஸ் பெட்டி, அடுப்பு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு லாத்தா இஸ்கந்தர் அருவிக்கோ கேமரன் மலைக்கோ கிளம்பிவிடுவோம். சம்பல் டப்பா கவிழாமல் இருக்க துணி சுற்றி வைப்பவர்கள்கூட கேஸ் தோம்பை (சிலிண்டரை) மட்டும் கடைசி நிமிடத்தில் சீட்டுக்குக் கீழே படுக்கப் போட்டுவிடுகிறார்கள்.

படுக்கப் போடுவதுதான் முதல் தவறு. தோம்புக்குள் கீழே திரவம், மேலே ஆவி. அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு மேலே ஆவி இருக்கும் பகுதியில் இருக்கிறது, படுத்துவிட்டால் அந்த வால்வு திரவத்துக்குள் மூழ்கிவிடும். அப்போது வெளியேறுவது ஆவியாக இருக்காது, திரவமாகவே பீய்ச்சும், அந்தத் திரவம் வெளியே வந்ததும் சுமார் 270 மடங்கு விரிந்து வாயுவாகும். நிமிர்த்தி வையுங்கள், பெல்ட் போட்டு வேன் சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள். தாப்பாவிலிருந்து மேலே போகும் வளைவுகளில் கட்டாத தோம்பு என்ன ஆட்டம் ஆடும் என்று அந்தச் சாலையில் வேன் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வண்டி நகரும்போது வால்வு மூடியிருக்க வேண்டும், ரெகுலேட்டரையும் கழற்றி வைக்க வேண்டும்.

அடுத்து, ‘ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்’ என்கிற நம்பிக்கை. போதாது. சமையல் கேஸ் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆகவே கசிகிற கேஸ் மேலே போகாது, பாய்க்கும் சீட்டுக்கும் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். மினிமார்க்கெட்டில் விற்கும் 220 கிராம் பியூட்டேன் கேன் ஒன்று முழுக்கக் கசிந்தால் சுமார் 90 லிட்டர் வாயு. காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால் ஒரு வேனின் உட்புறத்துக்கு அந்த ஒரு கேனே தாராளம். கேஸ் டிடெக்டர் வாங்குபவர்கள் அதைக் கூரையில் மாட்டாமல் தரைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

வெயிலில் நிறுத்திய வேனுக்குள் கேன்களை விட்டுவிட்டு ஆற்றில் குளிக்கப் போவது இன்னொன்று. 40 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே என்று கேனிலேயே அச்சடித்திருக்கிறது, நம் ஊர் மத்தியான வெயிலில் மூடிய வண்டி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இறங்கும்போது கேன்களையும் இறக்கி நிழலில் வையுங்கள்.

கேன் அடுப்பில் நான் அடிக்கடி பார்ப்பது பெரிய குவாலி (வாணலி). பத்துப் பேருக்கு மீ கோரெங் கிண்ட வேண்டும் என்று அகலமான குவாலியை ஏற்றினால் அது பக்கத்திலிருக்கும் கேன் அறைக்கு மேலேயும் நீண்டு நிற்கும், சூடு கீழே திரும்பி கேனின் மேல் இறங்கும். காற்றுக்கு மறைப்பாக அலுமினியத் தாளை அடுப்பைச் சுற்றிக் கட்டினாலும், இரண்டு அடுப்பை ஒட்டி வைத்தாலும் இதே கதைதான். சமைக்கும்போது கேன் அறையின் மூடியைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். கேனைப் பொருத்தும்போது அதன் விளிம்பிலுள்ள வெட்டு, அடுப்பில் அதற்கென்று இருக்கும் இடத்தில் சரியாக உட்கார வேண்டும். பாத்திரம் வைக்கும் தட்டைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்திருப்பார்கள், அதைத் திருப்பிப் போடாமல் பற்றவைக்காதீர்கள்.

பெரிய தோம்பிலிருந்து சின்னதுக்கு வீட்டிலேயே கேஸ் ஏற்றித் தருகிறேன் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். தோம்பில் 80 சதவீதத்துக்கு மேல் திரவம் ஏற்றக்கூடாது, சூட்டில் திரவம் விரிய மீதி இடம் வேண்டும். தராசு இல்லாமல் ஏற்றுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் கேனை மறுபடி நிரப்புவது அதைவிட மோசம், அதன் வால்வு அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. கடைக்காரர்களின் ஹை பிரஷர் ரெகுலேட்டரை இரவல் வாங்கிச் சின்ன அடுப்பில் மாட்டுவதும் வேண்டாம்.

கசிவு இருக்கிறதா என்று லைட்டரைக் காட்டிப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவுங்கள், குமிழ் வந்தால் கசிகிறது, அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் பயம் தருவது கேமரன் மலைக் குளிர். ராத்திரி தானா ராத்தாவில் நடுக்கம் எடுத்ததும் கதவு ஜன்னல் எல்லாம் மூடிக்கொண்டு வேனுக்குள் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்கிறார்கள். கேஸ் கசிவுக்காவது சேர்த்த நாற்றம் இருக்கிறது. மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவர் எழவே மாட்டார். சமையல் வெளியே, குளிருக்குப் போர்வை. பிள்ளைகளோடு போனால் இன்னொரு போர்வை கூடவே எடுத்துப்போங்கள்.

வேனுக்குள் கேஸ் நாற்றம் வந்தால் லைட் போடாதீர்கள், எஞ்சினைத் திருகாதீர்கள், உள்ளே நின்றுகொண்டு போன் பேசாதீர்கள். எல்லோரையும் இறக்கி, கதவுகளை அகலத் திறந்துவிட்டு, கை எட்டினால் வால்வை மூடிவிட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். நாற்றம் அடங்காவிட்டால் அங்கிருந்து 999க்கு அழைத்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) கேளுங்கள்.